பர்சாவைப் பார்த்தீர்களா?

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "லசோட்டா சரியாத்தானுங்க டாக்டர் குடுத்தோம், அப்புறம் எப்படி ராணிக்கெட் வந்துச்சு?" லசோட்டா என்பது ராணிக்கெட் என்ற கோழி வைரஸ் நோய்க்குக் குடிதண்ணீரில் கொடுக்கும் உயிர்த் தடுப்பூசி. மருந்து குளிர்ச்சியில் இருந்ததா, குடிதண்ணீரில் குளோரின் இருந்ததா என்று விசாரிப்பேன். எல்லாம் சரி என்றால் செத்த குஞ்சை அறுத்து, கழிவாய்க்கு மேலே முதுகுப் பக்கமாக ஒட்டியிருக்கும் சின்னப் பையைத் தேடுவேன். அதுதான் பர்சா.

நல்ல குஞ்சில் அது வெளிர் நிறத்தில் திரட்சியாக இருக்கும். வெட்டினால் உள்ளே நீளவாக்கில் மடிப்புகள். கும்போரோ என்ற வைரஸ் நோய் தாக்கி மூன்று நான்கு நாளில் அது வீங்கி, மஞ்சள் கூழ் படர்ந்து, சிலவற்றில் ரத்தமும் கசிந்திருக்கும். அதன்பின் சுருங்கிச் சாம்பல் நிறமாகிவிடும்.

நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தரும் பி செல்கள் கோழிக்கு முதிர்வது இங்கேதான்; அந்த 'பி'யே பர்சாவின் முதலெழுத்து. அங்கிருந்து மண்ணீரலுக்கும் குடலுக்கும் போய்க் காத்திருக்கும். ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரே வடிவ ஏற்பி. தடுப்பூசி வைரஸ் எதனோடு பொருந்துகிறதோ அந்த செல் மட்டும், டி செல் என்ற இன்னொரு எதிர்ப்பு செல்லின் துணையோடு, பெருகத் தொடங்கும். அவற்றில் பல பிளாஸ்மா செல்களாகி நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடி கொட்டும்: முதலில் ஐஜிஎம் வகை, பிறகு ஐஜிஒய் வகை. சில நினைவு செல்களாகத் தங்கும். பூஸ்டர் கொடுத்ததும் டைட்டர், அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு, சட்டென ஏறுவது அவற்றால்தான்.

கும்போரோ வைரஸ் குறிவைப்பது பர்சாவில் பெருகிக்கொண்டிருக்கும் இந்த செல்களையே. முதல் மூன்று வாரத்துக்குள் வந்தால் குஞ்சு சோர்ந்துகூடத் தெரியாது. ஆனால் பிறகு எந்தத் தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக ஏறாது. அதனால்தான் இந்த நோயைக் கண்டால் எனக்கு அவ்வளவு பயம்.

ஆன்டிபாடிக்குப் பர்சா வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டியதும் கோழிதான். 1950களில் அமெரிக்காவின் ஒஹையோவில் ஆய்வு மாணவர் புரூஸ் கிளிக் பர்சாவை அகற்றி வளர்த்த கோழிகளை, இன்னொரு மாணவரான திமோதி சாங் வகுப்பில் ஆன்டிபாடி செய்துகாட்ட வாங்கிப் போனார். சால்மோனெல்லா செலுத்தியும் பலவற்றில் ஆன்டிபாடியே வரவில்லை. அந்தக் கட்டுரை 1956இல் ஒரு கோழியியல் இதழில்தான் வந்தது. மருத்துவ உலகம் கவனிக்கப் பல வருடம் ஆனது. எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

சரி, கும்போரோ தடுப்பூசியை முதல் நாளே கொடுத்துவிடலாமே என்பார்கள். தாய்க்கோழியின் ஆன்டிபாடி மஞ்சள் கருவழியாகக் குஞ்சுக்கு வந்திருக்கும். வழக்கமான உயிர்த் தடுப்பூசியை அது அழித்துவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் வெளி வைரஸ் முந்திக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பேட்ச்சிலும் சில குஞ்சுகளின் ரத்தத்தில் தாய்வழி டைட்டரைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறேன்.