அம்மாவின் தையல் மேசைக்கு ஒரு விளக்கு

பரிசு உபயோகமாக இருக்கட்டும் என்று கிளம்புகிறவர்கள் பலர் கடைசியில் வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாஷிங் மெஷின் வந்து இறங்கும். அழுக்குத் துணி எல்லோருடையது, பரிசு மட்டும் அம்மாவுடையதாம். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. அதனால் இந்த முறை இரண்டே நிபந்தனைகள் வைத்துக்கொண்டேன். வாங்குவது அவளுக்கு மட்டும் பயன்பட வேண்டும். அதனால் அவளுக்குப் புது வேலை எதுவும் முளைக்கக் கூடாது.

என்ன வேண்டும் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "எனக்கு எதுக்குடா, எல்லாம்தான் இருக்கே" என்பாள். கேட்பதை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அம்மா கையால் தைப்பவள். பகலில் ஜன்னலோரம்தான் அவள் இடம். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். இருட்டத் தொடங்கினால் பாதித் தையலில் ஊசியைத் துணியில் குத்தி மடித்து வைத்துவிடுவாள். ஊசியில் நூல் கோர்ப்பதுதான் பெரிய பாடு. முனையை உதட்டில் நனைத்து, விரலால் முறுக்கி, ஊசியின் காதை வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நுழைப்பாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் அன்று முழுக்க முணுமுணுப்புதான்.

கண்ணாடி சமீபத்தில் மாற்றியதுதான், பவர் சரியாகவே இருந்தது. குறை இருந்தது வெளிச்சத்தில். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, உள்ளிருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும் என்பார்கள். நமக்குப் போதும் என்று தோன்றும் விளக்கு அவளுக்குப் பாதி இருட்டு. போதாததற்கு, அறையின் ட்யூப்லைட் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. குனிந்தால் அவள் தலை நிழலே தையல் மேல் விழுகிறது.

ட்யூப்லைட்டை மாற்றிப் பெரிதாகப் போட்டாலும் இந்த நிழல் போகாது. விளக்குதான் கிட்டே வர வேண்டும். சின்ன பல்பாக இருந்தாலும், தூரத்தைப் பாதியாக்கினால் துணியில் விழும் வெளிச்சம் சுமார் நான்கு மடங்காகும். ஆகவே, இழுத்த இடத்தில் நிற்கும் கை வைத்த விளக்கு. 1932இல் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. கார்களின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவர். ஸ்ப்ரிங்குகளே விளக்குக் கையின் எடையைத் தாங்கிக்கொள்ளும்படி செய்தார். ஒரு விரலால் தள்ளலாம், விட்ட இடத்தில் நிற்கும். திருகை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டிய மலிவு ரகங்களை எடுக்கவே கூடாது. மூட்டு தளர்ந்து தலை மெல்லச் சாயும் விளக்கைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை.

எல்இடி உள்ளேயே பதிந்து வருகிற, தொட்டால் எரிகிற அழகழகான விளக்குகள் நிறைய இருந்தன. அவற்றில் பலவற்றில் எல்இடி போனால் விளக்கையே தூக்கிப் போட வேண்டியதுதான், அம்மாவுக்கு அதற்கு மனசு வராது. எனவே சாதாரண பல்பு மாட்டும் ஹோல்டரும், பார்க்காமலே கைக்குத் தட்டுப்படும் குமிழ் சுவிட்சும் உள்ளதாக எடுத்தேன். அடித்தட்டு உள்ளது வேண்டாம், மேசை விளிம்பில் கவ்வுகிற கிளாம்ப் வேண்டும். துணியை விரித்துப் போட இடம் மிஞ்ச வேண்டுமல்லவா? கிளம்பும் முன் மேசைப் பலகையின் கனத்தையும், பிளக் வரை வயருக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையும் டேப்பால் அளந்துகொண்டேன். வயர் நடைபாதையில் கிடந்தால் அது பரிசு இல்லை, தடுக்கி விழ ஏற்பாடு.

விளக்கைவிட பல்புக்குத்தான் அதிக நேரம் ஆனது. வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறோம். நூலின் நிறம் பார்க்கிறவளுக்கு முக்கியம் சிஆர்ஐ. நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான எண் அது, உச்சம் 100. 80 உள்ள பல்புகளே பரவலாகக் கிடைக்கும். தேடி 90க்கு மேல் உள்ளதாக வாங்கினேன். கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிகிற தொல்லை அதில் குறையும். நிறவெப்பம் 4000 கெல்வின்: 2700இன் மஞ்சளும் இல்லை, 6500இன் நீலம் பாய்ந்த வெள்ளையும் இல்லை. கடையிலேயே எரியவிட்டு, வெளிச்சம் துடிக்கிறதா என்று போனின் ஸ்லோ மோஷனில் படம் எடுத்துப் பார்த்தேன். பட்டையாக ஓடினாலோ விட்டுவிட்டு மின்னினாலோ அந்த பல்பு வேண்டாம்.

மாட்டுவதும் வாங்கியவன் வேலை. பெட்டியைக் கையில் கொடுத்து "பிரிச்சுப் பாரும்மா" என்றால், அட்டையும் தெர்மகோலும் அவள் தலையில்தான் விழும். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் மாட்டி, குப்பையையும் அள்ளிவிட்டேன். வலக்கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால்தான் கை நிழல் தையலில் விழாது. அம்மா இடக்கைக்காரி, அதனால் வலப்பக்கம். பல்பு நேராகக் கண்ணில் அடிக்காதபடி மூடியைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன்.

வந்து பார்த்தவள், "இப்ப இது எதுக்கு, எவ்வளவு ஆச்சு?" என்றாள். விலையைச் சொல்லவில்லை. அப்புறம் சாப்பிட்ட கையோடு போய் உட்கார்ந்தாள், விளக்கின் கையை இழுத்தாள், தள்ளினாள், கறுப்பு நூல்கண்டை எடுத்தாள். நூல் உடனே ஏறவில்லை, ஆனால் உதட்டுக்குப் போகாமலே ஏறியது. அடுத்த வாரம் நான் போனபோது மேசை மேல் பழைய தலையணை உறைகள் குவிந்து கிடந்தன. விளக்கு வருவதற்கு முன் தைத்தவையாம், தையல் கோணலாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைக் காலரையும் விளக்கடியில் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதையும் கழட்டிக் கொடு" என்றாள்.