682 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து

நிலநடுக்கச் செய்தி வந்தால் என் தம்பி உடனே கேட்பது, "ரிக்டர்ல எவ்வளவுண்ணே?" எனக்கு முதலில் ஆழம் தெரியவேண்டும். கடலடியில் 20 கி.மீ. என்றால் கவலை. 600 கி.மீ. என்றால் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

இந்தப் பித்து 2015 மே 30-ல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளை ஒட்டி நடந்த நடுக்கத்தில் பிடித்தது. ஜப்பான் வானிலை முகமை முதலில் 8.5, ஆழம் 590 கி.மீ. என்றது. அப்புறம் 8.1, 682 கி.மீ. என்று திருத்தியது. அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்கோ 7.8. எதையாவது மறைக்கிறார்களா என்று தம்பிக்குச் சந்தேகம்.

மறைக்க ஒன்றுமில்லை. நடுக்கடலில் கருவிகள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் ஒரே பக்கம், ஜப்பானின் பெரிய தீவுகளில். அலை வந்துசேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்தால், சற்று முன்னதாக இன்னும் ஆழத்தில் நடந்திருந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

தொலைதூரப் பதிவுகள்தான் கைகொடுக்கும். ஆறாயிரம் கி.மீ. தள்ளியிருந்த ஒரு நிலையத்தின் பதிவை இறக்கிப் பார்த்தேன். முதலில் பி அலை (நடுக்கத்திலிருந்து வேகமாக வந்துசேரும் முதல் அலை), கூரான துள்ளல். கோடு மெல்ல அடங்குகிறது. சுமார் இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு துள்ளல்: மையத்திலிருந்து மேலே கிளம்பி, கடலடித் தரையில் முட்டித் திரும்பிய அலை. இந்த இடைவெளியிலிருந்துதான் ஆழம் கிடைக்கிறது. 10 கி.மீ. ஆழமென்றால் இடைவெளி சில விநாடிதான். முதல் அலையின் வாலிலேயே கலந்துவிடும். கடல்நீரின் மேற்பரப்பில் முட்டித் திரும்புவதும் உண்டு. 4 கி.மீ. தண்ணீர் இருந்தால் ஐந்து விநாடி பிந்தி ஓர் இரட்டை வந்து குழப்பும்.

அளவிலும் வம்பு உண்டு. ஆழ நடுக்கம் மேற்பரப்பு அலைகளை அதிகம் எழுப்பாது. அவற்றை வைத்து அளந்தால் பெரியதும் சிறியதாகத் தெரியும். அதனால் பாறை எவ்வளவு பரப்பில், எவ்வளவு நழுவியது என்பதை நீண்ட அலைகளிலிருந்து கணக்கிடுகிறார்கள். 7.8 அப்படி வந்தது. 8.1 ஜப்பானின் தனி அளவுகோல்.

எனக்கு இதெல்லாவற்றையும்விட வியப்பு நினோமியாதான். மையத்துக்கு 800 கி.மீ. வடக்கே, டோக்கியோவுக்குத் தென்மேற்கே உள்ள ஊர். பக்கத்திலிருந்த ஹஹாஜிமா தீவில் பதிவான அதே 'மேல் 5' தர அதிர்வு அங்கேயும் (ஓரிடத்தில் தரை எவ்வளவு ஆடியது என்பதற்கான ஜப்பானின் தரவரிசை இது; நடுக்கத்தின் அளவு அல்ல). ஜப்பானுக்கு அடியில் சரிந்து இறங்கும் பசிபிக் தட்டு, அதாவது கடலடிப் பாறைப் பாளம், குளிர்ந்து இறுகியது. அலையை அதிகம் தின்னாமல் கடத்திவிடுகிறது. ஜப்பானின் 47 மாகாணங்களிலும் அதிர்வு பதிவானது, 1885-ல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக. சுனாமி மட்டும் வரவில்லை.