பட்டறை முடிந்த அப்புறம்?

அமெரிக்காவில் வாசிப்புக் கல்வி என்றாலே இப்போது மிசிசிப்பியைத்தான் காட்டுகிறார்கள். 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் கடைசி வரிசையில் இருந்த மாநிலம், 2019இல் தேசிய சராசரியை எட்டிப்பிடித்தது. எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாகச் சொல்லிக்கொடுங்கள் என்று அமெரிக்க அரசு கூட்டிய நிபுணர் குழுவான தேசிய வாசிப்புக் குழு 2000இலேயே சொல்லியாயிற்று. பல பள்ளி மாவட்டங்கள்தான் அசையவில்லை.

எனக்குப் பிடித்தது, அங்கே புத்தகத்தை மாற்றியதோடு நிற்கவில்லை. பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. அவர்கள் வகுப்பிலேயே ஆசிரியரோடு உட்கார்ந்தார்கள். ‘போனி’ (pony, குட்டைக் குதிரை) என்று அச்சிட்டிருக்கும். குழந்தை படத்தைப் பார்த்து ‘ஹார்ஸ்’ (horse, குதிரை) என்று சொல்லும். படத்தையும் பொருளையும் வைத்து ஊகிக்கவிடும் பழைய முறையில் அது கிட்டத்தட்ட சரி, பொருள் வந்துவிட்டதே! இப்போது ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, முதல் எழுத்திலிருந்து ஒலி கூட்டவைக்க வேண்டும். பல வருடப் பழக்கம் ஒருநாள் பயிற்சிப் பட்டறையில் போகுமா என்ன?

மூன்றாம் வகுப்பில் வாசிப்பில் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதிக்கு மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பயிற்றுநர் சம்பளத்துக்குக் கைவிரித்துவிட்டு மற்ற மாநிலங்கள் அந்த விதியை மட்டும் நகலெடுத்தால் அடி குழந்தைக்குத்தான்.

அங்கே பள்ளிகளில் வேலைபார்க்கும் நண்பர்கள் சொல்லுங்கள், உங்கள் மாவட்டத்தில் பயிற்றுநர் வாரத்தில் எத்தனை நாள் வகுப்புக்கு வருகிறார்?