குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வலிக்கு 'கவுண்ட்' மட்டும் போதாது
கடலூர், புதுச்சேரி மக்கள் கவனத்துக்கு. வலது அடிவயிற்றில் வலி வந்து, லேப் சீட்டில் 'கவுண்ட் (ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை) நார்மல்' என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள்.

குடல்வால் அழற்சியில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் 10,000-ஐத் தாண்டும்; அவற்றில் ஒரு வகையான நியூட்ரோபில் 75 சதவீதத்துக்கு மேல் போகும். ஆனால் நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை, ஏன் கர்ப்பம்கூட இதே கவுண்டை ஏற்றும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஆர்பி இன்னும் மெதுவானது. வலி தொடங்கி 8 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். காலையில் வலி, மதியம் எடுத்த சிஆர்பி நார்மல் என்றால் அதை நம்பி உட்காரக் கூடாது. சில மணி நேரம் விட்டு மருத்துவர் மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்க்கணும், ரத்தமும் மறுபடி எடுக்கணும். இந்த இரண்டாவது பரிசோதனைதான் பல நேரம் உண்மையைச் சொல்லும்.

குடல்வால் அழற்சியா என்று கணிக்க மருத்துவர்கள் போடும், 1986-இல் வந்த அல்வராடோ மதிப்பெண்ணில் மொத்தம் 10. ரத்தப் பரிசோதனைக்கு 3 தான். மீதி 7 மதிப்பெண், வலி இடம் மாறியது, பசியின்மை, வாந்தி, காய்ச்சல், தொட்டால் வலி, அழுத்திய கையை எடுத்தால் வலி ஆகியவற்றுக்கு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். கருக்குழாய்க் கர்ப்பமும் இப்படியே வலிக்கும்.

கடுமையான வலி திடீரென நின்றுபோனால் குடல்வால் வெடித்திருக்கலாம். லேபுக்கு அல்ல, நேராக ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள்.