அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள்: எம்.எஸ்.டபிள்யூ. மனநலப் பிரிவில் என் அனுபவம்

போன வாரம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) நான்காவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. எல்லாப் பேப்பரும் பாஸ், முதல் வகுப்பு. ஃபீல்ட் வொர்க் (களப்பணி) மார்க்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூன்றாவது செமஸ்டரில் என் சதவீதத்தைக் கீழே இழுத்ததே அதுதான். மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் சிறப்புப் பிரிவை எடுக்கப்போகிற ஜூனியர்கள் சிலர் எப்படித் தயாராவது என்று போனில் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. மூன்றாவது செமஸ்டரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வாரம் இரண்டு நாள் போட்டிருந்தார்கள். ஒரு நாள் விடாமல் போனேன், வார்டில் உட்கார்ந்து பேசினேன். ரிப்போர்ட்டை மட்டும் தள்ளிப்போட்டேன். கடைசியில் பதினோரு நாள் ரிப்போர்ட்டை மூன்று ராத்திரியில் எழுதி முடித்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர், 'கிளையண்ட்டுக்கு உளவியல் ஆதரவு அளிக்கப்பட்டது' என்ற வரியில் விரலை வைத்தார். "சரிம்மா, ஆதரவு கொடுத்தீங்க. என்ன சொன்னீங்க? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்றார். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த வரியை ஏழு ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன்.

நான்காவது செமஸ்டரில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினேன். ஃபீல்டிலிருந்து வந்ததும் குளித்து, சாப்பிட்டு, படுப்பதற்குள் எழுதிவிடுவது. பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்: அவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நேரம் என் மனதில் ஓடியது. மூன்றாவது பத்தியைப் பலர் காலியாக விடுவார்கள். விடாதீர்கள்.

மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கிற மகனோடு ஓ.பி.க்கு வருகிற ஓர் அம்மா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாராம்மா?" என்று கேட்டேன். "சாப்பிடுறான் மேடம்" என்றார். ராத்திரி எழுதும்போதுதான் உறைத்தது, அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல அவருக்கு நான் இடமே தரவில்லை. அடுத்த முறை, "காலையில மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறது யாரும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் நாலு மணிக்கே பூ எடுக்க மார்க்கெட் போயிடுவேன் பாப்பா. அவனே எடுத்துக்குவான்னு வெச்சிட்டுப் போவேன்" என்றார். வாரத்தில் பாதி நாள் அது வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. சூப்பர்வைசர் மூலமாக டாக்டரிடம் சொன்னோம். அவர் பார்த்து, அந்த மாத்திரையை அம்மா வீட்டில் இருக்கிற ராத்திரி நேரத்துக்கு மாற்றினார். வைவாவில் இந்த ஒரு கேஸைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் பேசினேன். எதையும் யோசித்துச் சொல்லவேண்டி வரவில்லை.

தியரிக்கு நான் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கையால் எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் நின்றது.

* மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017: பிரிவு எண்களை மொட்டை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒவ்வொன்றையும் ஒரு மனிதரோடு சேர்த்து வையுங்கள். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை ஒரு முறை நினைத்தால், சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்யும் 95ஆவது பிரிவு மறக்காது.
* 89ஆவது பிரிவு என்றால் ஆதரவுடன் கூடிய அனுமதி (தானே முடிவெடுக்க அதிக ஆதரவு தேவைப்படுகிறவரை மருத்துவமனையில் சேர்ப்பது), 30 நாள் வரை. அதைத் தாண்டினால் 90. அவசர சிகிச்சை 94, 72 மணி நேரம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் எங்கள் வகுப்பில் பலர் மார்க்கை விட்டார்கள்.
* தற்கொலை முயற்சி: பழைய சீனியர் நோட்ஸில், அதைக் குற்றமாக்கிய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 309 என்று இருக்கும். அதை அப்படியே எழுதாதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கருதச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதிலாக அமலில் இருக்கும் பி.என்.எஸ்.ஸில் (பாரதிய நியாய சன்ஹிதா) பழைய 309 அப்படியே இல்லை.
* ஐடியாஸ் (மனநோயால் வரும் இயலாமையை அளக்கும்) அளவுகோல்: சுய பராமரிப்பு, பிறரோடு பழகுதல், தகவல் தொடர்பும் புரிதலும், வேலை. நான்கையும் உங்கள் கேஸில் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளி சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதம் என்கிற கோடு ஒரு குடும்பத்துக்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் தெரியும்.
* டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 14416. இரண்டு மார்க் கேள்விக்காக மட்டும் இல்லை, போனில் பதிந்து வையுங்கள்.

பிளாக் பிளேஸ்மென்ட் (தொடர்ச்சியான முழுநேரக் களப்பணி) மாதத்தில் வேறு எதையும் படிக்க முடியாது. ஆராய்ச்சிப் பிராஜெக்டின் தரவு சேகரிப்பை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் பெயர், ஊர், தெரு எதுவும் வரக்கூடாது. ரகசியம் காக்கப்படுவது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் கிளையண்ட்டுகளுக்கு இருக்கும் உரிமை. ஹாஸ்டல் மேஜையில் நோட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இன்னொன்று. எங்களுக்கு ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான். ஆனால் 'வெச்சிட்டுப் போவேன்' என்று அந்த அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தேன், அதிலிருந்த தயக்கம் முழுக்கப் போய்விட்டது. உரையாடலை மட்டும் தமிழிலேயே எழுதட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். எழுது என்றார். நீங்களும் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.