கேஸ் மாத்திரையும் தலைமாட்டுச் செங்கல்லும்

நெஞ்செரிச்சல், படுத்தால் தொண்டை வரை ஏறும் புளிப்பு, விடாத வறட்டு இருமல் எல்லாம் சேர்ந்து எனக்கு ஜி.இ.ஆர்.டி., அதாவது வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி வரும் கோளாறு, என்று முடிவாயிற்று. ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. எண்டோஸ்கோபிக்குப் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்துச் சில நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். உணவுக்குழாயின் அடியில் லேசான புண், கிரேடு ஏ.

இம்சையே அதற்கப்புறம்தான். சீட்டில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை, 40 மி.கி., காலையில் ஒன்று. மருந்துக்கடைப் பையன் கவர் மேல் 'சா.பி.' என்று, அதாவது சாப்பிட்ட பின், கிறுக்கிக் கொடுத்தான். நானும் இட்லி, காபி எல்லாம் முடித்து ஒழுங்காக விழுங்கினேன், எரிச்சல் இம்மியும் குறையவில்லை. திரும்பப் போனால் டாக்டர் டோஸைக் கூட்டப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மாதான், "எப்ப சார் போடறீங்க?" என்று கேட்டார். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். சாப்பிடும்போதுதான் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் முழு வேகத்தில் ஓடுமாம், அந்த நேரத்துக்கு மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியுமாம். அதனால் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? நேரத்தை மாற்றியதும் அதே 40 வேலை செய்தது.

அடுத்தது வயிற்றில் தங்கிப் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொன்ன லேப், இந்த மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மாத்திரை போட்டிருந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும், இருந்தாலும் இல்லை என்றே காட்டலாம். பசியோடு பஸ் பிடித்துப் போனவனை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். சரி என்று டாக்டரிடம் கேட்டு நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் முன்னைவிட மூர்க்கமாகப் பொங்குகிறது. சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு அப்படி ஆகும் என்று பிறகுதான் சொன்னார்கள். ஜெலுசில் புண்ணியத்தில் ஓட்டினேன். கிருமி இல்லை.

வீட்டு வைத்தியம் சொல்ல ஊரே வரும். குளிர்ந்த பால் குடிக்கும்போது இதம்தான், கொஞ்ச நேரத்தில் எரிச்சல் திரும்பிவிடும். காரத்தைவிட எனக்கு ஆகாதது தக்காளி ரசமும் ராத்திரிப் பூரியும், உங்களுக்கு வேறாக இருக்கலாம், எழுதி வைத்துப் பாருங்கள்.

மாத்திரைக்கு அடுத்து எனக்குக் கைகொடுத்தது செங்கல். தலையணையை அடுக்காதீர்கள், இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 அங்குலம் முட்டுக் கொடுங்கள், ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. "விடியறதுக்குள்ள கால்மாட்டுக்கு வழுக்கிடறேன்" என்று மனைவி புலம்பினாள், ஆனால் என் இருமல் நின்றதில் அவளுக்கும் தூக்கம் வந்தது. இடது பக்கம் படுப்பதும், படுக்க 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும் இதோடு சேர்த்தி.

விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுத்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். எனக்கு இப்போது 20 ஆகக் குறைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாமாம், அந்த டெஸ்டை அடுத்த முறை நானே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறேன்.