மூன்று நிமிடத்தில் ஒரு பதிவேடு: இளம் ஆய்வாளர் அமர்வில் பேசிய கதை

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் நுண்ணோக்கி, எலி, புது மருந்து என்றுதான் வீட்டில் உள்ளவர்களே நினைக்கிறார்கள். என் வேலை அது இல்லை. ஒரு வட்டாரத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது, வந்தவர்கள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் மக்கள்தொகைப் பதிவேடுதான் என் ஆய்வுக்களம். சென்னையில் அப்படி ஒரு பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்தே இயங்குகிறது. திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையில் 1990களில் தொடங்கினார்கள். இந்தத் துறையில் புதிதாக வருபவர்களுக்கென்று சில சர்வதேச மாநாடுகளில் தனி அமர்வு வைக்கிறார்கள். அதில் ஒன்றில் பேசிவிட்டு வந்தேன். எப்படி விண்ணப்பித்தாய் என்று ஜூனியர்கள் கேட்டபடியே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் தகுதி. 'இளம்' என்பதைப் பெரும்பாலும் வயதை வைத்துப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டம் வாங்கிக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். படித்துக்கொண்டிருப்பவர்களும் அனுப்பலாம். நான் விண்ணப்பித்த இடத்தில் பிரசவ விடுப்பு போன்ற இடைவெளிகளையும் கழித்துக்கொண்டார்கள். இது தெரியாமல் தகுதியுள்ள ஒரு தோழி விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டார். விதிமுறையைக் கடைசி வரிவரை படியுங்கள்.

அடுத்தது தலைப்பு. "உலகத் தரவை டவுன்லோடு பண்ணி, கலர் கலராக ஒரு மேப் போடு, உடனே எடுத்துக்கொள்வார்கள்" என்று ஒரு சீனியர் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மேப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ ஒரு களப்பணியாளர் மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதியது. மேடை கிடைத்தால் அந்த வேலையைத்தான் காட்ட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதனால், யார் இறந்துவிட்டார்கள் என்று அறிய நோயாளிகளின் பட்டியலையும் இறப்புப் பதிவையும் பெயர் வைத்துப் பொருத்துவதையே எடுத்துக்கொண்டேன்.

கேட்க உப்புச் சப்பில்லாத விஷயம்தான். ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. இறப்புச் சான்றில் 'புற்றுநோய்' என்று எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூச்சுத்திணறல், இதயம் நின்றது என்று இருக்கும். அதனால் புற்றுநோய் இறப்புகளை மட்டும் அல்ல, எல்லா இறப்புகளையும் பார்க்க வேண்டும். இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். சென்னையில் வைத்தியம் பார்த்தவர் கடைசி நாட்களில் சொந்த ஊருக்குப் போய்விட்டால் அவர் பெயர் வேறொரு அலுவலகத்தின் ஏட்டில் இருக்கும்.

அப்புறம் பெயர். காந்திமதி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் 'கே'யில் தொடங்குவார்கள், இன்னொரு இடத்தில் 'ஜி'யில். பல மென்பொருள்களில் இருக்கும் சவுண்டெக்ஸ் முறை ஒலி ஒத்த பெயர்களைச் சேர்ப்பதற்கானது. ஆனால் அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே அதற்கு இந்த இரண்டு காந்திமதிகளும் வேறு வேறு ஆட்கள். இனிஷியல் இன்னும் மோசம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரே இனிஷியல்தான் கடைசிவரை. பெண்களுக்கு ஒரு அட்டையில் அப்பாவின் எழுத்து, இன்னொன்றில் கணவரின் எழுத்து.

இதனால் பெண்களின் இறப்புகள் அதிகமாகத் தவறிப்போகின்றன. இறந்த தகவல் கிடைக்காதவர்களை உயிரோடு இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், பெண்கள் நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று பொய்யாக ஒரு நல்ல செய்தி வரும். என் ஆய்வு சொல்வது இதைத்தான். கட்டுரை இன்னும் வெளிவராததால் எண்களை இங்கே எழுதவில்லை.

பெயர் பொருத்தும் விதிகளில் பாதி என்னுடையவை அல்ல. எங்கள் பதிவேட்டில் நெடுங்காலமாகக் களப்பணி செய்யும் ஒரு அக்காவிடம் இரண்டு தாள்களை நீட்டினால், பெயரைப் பார்க்கமாட்டார். "கதவு நம்பர் பாரும்மா, அப்புறம் யார் கூட வந்தாங்கன்னு பாரு" என்பார். வயது 45, 50, 55 என்று முழுசாக இருந்தால் நம்பமாட்டார். அவர் கண்ணால் செய்வதைத்தான் நான் நிரலாக எழுதினேன். ஆய்வுச் சுருக்கத்தில் அவர் பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் போட்டால் போதாதா என்றார்கள். கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் சேர்த்தேன். இளையவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் அமர்வு நல்லதுதான், ஆனால் அது பட்டம் பெற்றவர்களை மட்டுமே இளையவர்களாகப் பார்க்கிறது.

நாள் தின்றது அனுமதிதான். நெறிமுறைக் குழு (எதிக்ஸ் கமிட்டி) ஒப்புதல் ஒன்று, தரவைப் பயன்படுத்தும் அனுமதி இன்னொன்று, துறைத் தலைவரின் கடிதம் தனி. நெறிமுறைக் குழுவின் கூட்டம் நினைத்தபோதெல்லாம் நடக்காது. மாநாட்டு அறிவிப்பு வந்தபிறகு கோப்பை நகர்த்தினால் கடைசித் தேதி போய்விடும். பெயர், முகவரியைக் கையாளும் ஆய்வு என்பதால் கேள்விகளும் அதிகம் வரும். பொருத்தி முடித்தபின் அடையாளங்களை எப்படி நீக்குவீர்கள் என்று ஒரு பக்கம் முன்பே எழுதி வைத்திருங்கள். விசா, டிக்கெட், பயண நிதி பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

மேடையில் கிடைத்தது மூன்று நிமிடம், ஒரே ஸ்லைடு. முதல் ஒத்திகையில் பதிவேடு என்றால் என்ன என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அதைத் தூக்கிவிட்டு, திண்டுக்கல் ஆய்விலிருந்து தொடங்கினேன். கிராமத்துப் பெண்களுக்குச் செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்த ஆய்வு அது. 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. அம்பிளிக்கைப் பதிவேடு இல்லையென்றால் அந்த இரண்டு எண்களையும் யார் எண்ணியிருப்பார்கள் என்று கேட்டுவிட்டு, நேராகக் காந்திமதிக்கு வந்துவிட்டேன். ஸ்லைடில் வரைபடம் எதுவும் போடவில்லை. ஒரே பெண்ணுக்கு நான்கு தாள்களில் நான்கு விதமாக இருக்கக்கூடிய பெயர், இனிஷியல், வயது, முகவரி. நானே உருவாக்கிய மாதிரிதான், உண்மையான நோயாளியின் விவரம் அல்ல. அதையும் ஸ்லைடிலேயே எழுதியிருந்தேன்.

ஆதார் எண்ணை வைத்துப் பொருத்தலாமே என்பதுதான் முதல் கேள்வி. எதிர்பார்த்ததுதான். பழைய கேஸ் ஷீட்டில் ஆதார் எங்கே இருக்கும்? இருந்தாலும் ஒரு பதிவேடு அதைக் கேட்டு வாங்குவது சட்டரீதியாக எளிதல்ல என்று சொல்லிச் சமாளித்தேன்.

அமர்வு முடிந்து டீ குடிக்கும்போது எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் பிடித்துக்கொண்டார். அங்கேயும் குடும்பப் பெயர் கிடையாதாம். தன் பெயருக்குப் பின் அப்பாவின் பெயர். மென்பொருள் கேட்கும் கட்டத்தில் எதைப் போடுவது என்ற அதே தலைவலி. இப்போது விதிகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். வயதில் ஐந்து ஆண்டு வித்தியாசம்வரை ஒரே ஆள் என்று நான் ஏற்கிறேன். அவர்களுக்கு அது போதாதாம், பத்து வேண்டும் என்கிறார். இன்னும் ஒத்துவரவில்லை. அக்காவிடம் கேட்டால், வயதை விட்டுவிடு, கதவு நம்பர் என்ன ஆச்சு என்கிறார்.